அட்டவணையைத் திறக்குமுன் வளைகோட்டை மடித்துப் பாருங்கள்

நிகழ்தகவுக் கணக்கு ஒன்றைக் கொடுத்தால் பிள்ளைகளின் கை முதலில் போவது அட்டவணைக்கு. நான் முதலில் தேடச் சொல்வது மடிப்புக் கோட்டை. எந்த மதிப்பு எவ்வளவு அடிக்கடி வரும் என்று காட்டும் வளைகோட்டை, அதாவது பரம்பலின் படத்தை, வரைபுத்தாளில் வரையுங்கள். எந்த நிலைக்குத்துக் கோட்டில் தாளை மடித்தால் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் அப்படியே படிகிறது என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். அப்படி ஒரு கோடு கிடைத்தால் கணக்கில் பாதி அங்கேயே முடிந்துவிடும். கிடைக்காவிட்டாலும் நட்டமில்லை. இல்லாத சமச்சீரை இருப்பதாக நினைத்து எழுதும் விடைகள்தான் பேப்பர் திருத்தும்போது என் சிவப்புப் பேனையை அதிகம் தின்கின்றன.

திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் கணிதம் படிப்பிக்கிறேன். கிண்ணியா, சாம்பல்தீவு, நிலாவெளி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருவார்கள். வகுப்பில் என்ன ஒழுங்கில் சொல்வேனோ அதே ஒழுங்கில்தான் இங்கும் எழுதுகிறேன். கொப்பியும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

செவ்வன் பரம்பலில் இருந்து தொடங்குவோம். மணி வடிவ வளைகோடு இது; தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இயல்நிலைப் பரவல். மடிப்புக் கோடு சரியாக இடையில் (சராசரியில்) நிற்கும். நடுவிலிருந்து வலப்பக்கம் எவ்வளவு தூரம் போனாலும், இடப்பக்கம் அதே தூரத்தில் வளைகோட்டின் உயரம் அதேதான். சமச்சீர் என்பதற்கு இதைவிடப் பெரிய வரைவிலக்கணம் தேவையில்லை.

வளைகோட்டின் கீழுள்ள பரப்புத்தான் நிகழ்தகவு. நடுவிலிருந்து உள்ள தூரத்தை அட்டவணை நியம விலகலில் (மதிப்புகள் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) எண்ணுகிறது. உங்களிடம் உள்ள அட்டவணை எந்தப் பரப்பைத் தருகிறது என்று முதலில் பாருங்கள். 1க்கு நேரே 0.8413 என்று இருந்தால், அது இடக்கோடியிலிருந்து 1 வரையுள்ள பரப்பு. 0.3413 என்றிருந்தால் நடுவிலிருந்து 1 வரை. 0.1587 என்றிருந்தால் 1க்கு அப்பால் மிஞ்சும் வால். மூன்றும் சொல்வது ஒரே சங்கதிதான். 0.3413உடன் பாதியைக் கூட்டினால் 0.8413, அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.1587. வகுப்பில் ஒரு வகை அட்டவணையில் பழகிவிட்டுப் பரீட்சையில் வேறு வகையைக் கண்டு திகைக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அட்டவணையின் தலையில் ஒரு சின்னப் படம் போட்டு, ஒரு பகுதியை நிழலடித்துக் காட்டியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் எண்களுக்குள் இறங்கவே கூடாது.

"டீச்சர், மைனஸ் ஒன்றரை இதில இல்லையே?" என்று ஆராவது கேட்பார்கள். ஏன் இருக்க வேண்டும்? அச்சடித்தவர்கள் காகிதத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இடது வாலும் வலது வாலும் ஒன்று என்பதால் ஒரு பக்கத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள். மற்றப் பக்கத்தை நீங்கள் மடித்து எடுக்க வேண்டும்.

செய்து பார்ப்போம். கரைவலையின் மடியில் ஒரே பாட்டில் வந்த சூடை மீன்களின் நீளம் செவ்வன் பரம்பலில் இருக்கிறது, இடை 14 சென்ரிமீற்றர், நியம விலகல் 2 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கையை விட்டு எடுக்கும் ஒரு மீன் 11க்கும் 16க்கும் இடையில் இருக்க என்ன நிகழ்தகவு? 16 என்பது நடுவிலிருந்து வலப்பக்கம் ஒரு நியம விலகல். 11 என்பது இடப்பக்கம் ஒன்றரை. வலப்பக்கத்துக்கு அட்டவணை நேரே 0.8413 தருகிறது. இடப்பக்கம் 11க்குக் கீழே உள்ள வாலை மடியுங்கள், அது 17க்கு மேலே உள்ள வாலின் மேல் போய் விழும். 1.5க்கு அட்டவணையில் 0.9332. ஆகவே வால் 0.0668. 0.8413இலிருந்து 0.0668ஐக் கழித்தால் 0.7745. படம் வரைந்து 11, 14, 16, 17 நான்கையும் குறித்துவிட்டால் எதைக் கூட்டுவது எதைக் கழிப்பது என்ற குழப்பமே வராது. சூத்திரத்தைப் பாடமாக்கியவர்களுக்குத்தான் அந்தக் குழப்பம் வரும்.

கேள்வி 12க்கும் 16க்கும் இடையில் என்று வந்தால் இன்னும் சுலபம். இரு பக்கமும் சம தூரம். 0.8413ஐ இரட்டித்து ஒன்றைக் கழித்தால் 0.6826.

எனக்கு மிகவும் பிடித்த வகைக் கேள்வி ஒன்று உண்டு. ஒரு பரீட்சையில் 10 சதவீதமானவர்கள் 40க்குக் கீழே, 10 சதவீதமானவர்கள் 70க்கு மேலே. புள்ளிகள் செவ்வன் பரம்பலில் உள்ளன. இடை, நியம விலகல் காண்க. பெரும்பாலானோர் இரண்டு சமன்பாடு எழுதி ஒருங்கே தீர்க்க இறங்கிவிடுவார்கள். இரண்டு வாலும் சமமாக இருப்பதைக் கவனித்தவருக்கு அது தேவையில்லை. மடிப்புக் கோடு 40க்கும் 70க்கும் நடுவில்தான் இருக்க முடியும், ஆக இடை 55. 10 சதவீத வாலுக்கு அட்டவணை 1.28 என்கிறது, ஆக 15 புள்ளி தூரம் என்பது 1.28 நியம விலகல். நியம விலகல் ஏறக்குறைய 11.7. இரண்டு வரியில் முடிந்தது. வால்கள் சமமாக இல்லாவிட்டால், உதாரணமாக 10 சதவீதமும் 20 சதவீதமும் என்று கொடுத்திருந்தால், இந்தக் குறுக்குவழியைத் தொடாதீர்கள். அப்போது இரண்டு சமன்பாடுதான் வழி.

இங்கே இசட் புள்ளி (ஒரு பிள்ளையின் புள்ளி இடையிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறது என்பது) பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. பல்கலைக்கழக அனுமதி அதில் தொங்குவதால், கணிதம் தெரியாத தாய் தகப்பனும் அதைப் பற்றிக் கதைக்கும் ஊர் இது. "இசட் பூச்சியம் எண்டால் பாதிப் பேர் பிள்ளைக்குப் பின்னால நிக்கினம்தானே டீச்சர்?" என்று கேட்கிறார்கள். புள்ளிகளின் பரம்பல் சமச்சீராக இருந்தால் மட்டும் அது சரி. ஒரு பாடத்தில் நிறையப் பேர் குறைந்த புள்ளியில் குவிந்து, சிலர் மட்டும் மேலே நீண்டு போயிருந்தால் இடையானது பொதுவாக இடையத்துக்கு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) மேலே நிற்கும். அப்போது இசட் பூச்சியம் பெற்ற பிள்ளைக்குப் பின்னால் பாதியை விட அதிகமானோர் இருப்பார்கள். இடையைக் கழித்து நியம விலகலால் வகுப்பது வளைகோட்டை நகர்த்தும், அகலத்தைச் சுருக்கும் அல்லது விரிக்கும். கோணலை நிமிர்த்தாது.

செவ்வனுக்கு வெளியே

மடிப்புக் கோடு செவ்வனின் தனிச்சொத்து என்று நினைக்க வேண்டாம். இரண்டு தாயக்கட்டைகளை உருட்டுங்கள், ஆறு முகம் உள்ளவை. கூட்டுத்தொகையின் மடிப்புக் கோடு 7. ஒவ்வொரு கட்டையிலும் விழுந்த எண்ணை 7இலிருந்து கழித்தால் மறுபக்கத்து எண் வரும். ஆகவே 4 வருவதும் 10 வருவதும் ஒரே நிகழ்தகவு, இரண்டுக்கும் 36இல் 3. மூன்று கட்டைகள் என்றால் மடிப்பு 10.5இல். கூட்டுத்தொகை 11 அல்லது அதற்கு மேல் வர என்ன நிகழ்தகவு என்று கேட்டால் 216 விளைவுகளையும் எண்ணத் தொடங்காதீர்கள். சரிபாதி. 10.5இல் எதுவும் விழாது, மிச்சமெல்லாம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிகிறது.

அடர்த்திச் சார்பு, அதாவது வளைகோட்டின் உயரத்தைத் தரும் கோவை, கொடுத்த கணக்குகளிலும் இதே பார்வைதான். 0 முதல் 4 வரை, எக்ஸையும் 4இலிருந்து எக்ஸைக் கழித்ததையும் பெருக்கி, அதை 3/32ஆல் பெருக்கியது அடர்த்தி என்று கொடுத்திருக்கிறார்கள். இடையைக் காணத் தொகையீடு செய்யத் தேவையில்லை. எக்ஸ் இருக்கும் இடத்தில் 4இலிருந்து எக்ஸைக் கழித்ததைப் போட்டுப் பாருங்கள், கோவை மாறவில்லை. மடிப்பு 2இல், ஆகவே இடை 2, இடையமும் 2. மாறற்றிறனுக்கு (நியம விலகலின் வர்க்கம்) மட்டும் ஒரு தொகையீடு செய்ய வேண்டும், 0.8 வரும். விடைத்தாளில் "சமச்சீரால் இடை 2" என்று காரணத்தோடு எழுதுங்கள். காரணம் இல்லாமல் வெறும் 2ஐ எழுதினால் திருத்துபவர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

ஈருறுப்புப் பரம்பலில்தான் (பல முயற்சிகளில் எத்தனை வெற்றி என்று எண்ணுவது) கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெற்றியின் நிகழ்தகவு 1/2 என்றால் அது சமச்சீரானது. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் 5 தலை விழ 1024இல் 252. மிச்சம் 772 இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும், எனவே 5க்கு மேல் விழ 1024இல் 386. நடு உயரத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாதியாக்குவதுதான் வேலை. அதை மறந்து "5க்கு மேல் விழ 1/2" என்று எழுதுபவர்கள் ஏராளம். மூன்று தாயக்கட்டையில் நடுவில் எதுவும் விழவில்லை, இங்கே 5 நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

வெற்றியின் நிகழ்தகவு 0.8 என்றால் ஒரு படத்துக்குள் மடிப்பு இல்லை. ஆனால் அந்தப் படத்தின் கண்ணாடிப் பிம்பம் இன்னொரு படமாக இருக்கிறது. வெற்றிகளை எண்ணுவதை விட்டுத் தோல்விகளை எண்ணுங்கள், நிகழ்தகவு 0.2 ஆகிவிடும். பத்தில் 9 அல்லது அதற்கு மேல் வெற்றி என்பது 1 அல்லது அதற்குக் கீழே தோல்வி. 0.1074உம் 0.2684உம் கூட்ட 0.3758. ஈருறுப்பு அட்டவணைகள் பல 0.5உடன் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

வரலாற்றில் இந்த இரண்டு பரம்பல்களும் ஒட்டிப் பிறந்தவை. 1733இல் கணிதவியலாளர் தெ முவாவர் நாணயம் சுண்டும் கணக்குகளின் பெரிய எண்களைச் சமாளிக்கத் தேடியபோது கிடைத்ததுதான் இன்று செவ்வன் என்று நாம் சொல்லும் வளைகோடு. 1809இல் கவுஸ் அதற்கு வேறு வழியில் வந்தார். அளவீட்டில் கூடுதலாக வரும் பிழையும் குறைவாக வரும் பிழையும் சம வாய்ப்புடையவை என்றும், பல அளவீடுகளின் சராசரியே மிகச் சாத்தியமான மதிப்பு என்றும் எடுத்துக்கொண்டு தொடங்கினார். சமச்சீர் அவருக்கு விடையில் கிடைத்ததல்ல, கையில் வைத்துக்கொண்டே இறங்கியது. உங்கள் தரவில் அந்த அனுமானம் நிற்கிறதா என்று நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

தரவைச் சோதிப்பது

கணினி தேவையில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். எண்களை ஏறுவரிசையில் எழுதுங்கள். மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கூட்டுங்கள். அடுத்த சிறியதையும் அடுத்த பெரியதையும் கூட்டுங்கள். இப்படியே உள்ளே வாருங்கள். சமச்சீர் இருந்தால் எல்லாக் கூட்டுத்தொகையும் இடையத்தின் இரட்டைக்குக் கிட்ட நிற்கும்.

பயிற்சிக்குப் பதினொரு மீன் நீளங்கள்: 11, 12, 13, 13, 14, 14, 15, 15, 15, 16, 18. வெளியிலிருந்து உள்ளே கூட்டினால் 29, 28, 28, 28, 29. இடையம் 14, அதன் இரட்டை 28. நல்ல மடிப்பு.

இனி கிண்ணியா பஸ்ஸுக்கு நின்ற நேரங்கள், நிமிடத்தில், இதுவும் பயிற்சிக்கு எழுதியதுதான்: 1, 2, 2, 3, 4, 6, 8, 11, 15, 22, 36. கூட்டுத்தொகைகள் 37, 24, 17, 14, 12. இடையத்தின் இரட்டை 12. உள்ளே 12இல் இருந்து வெளியே போகப் போக 37 வரை ஏறுகிறது. வலது வால் நீளம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். இந்தத் தரவுக்குச் செவ்வன் அட்டவணையை நீட்டக் கூடாது.

இன்னொரு சோதனை வாய்க்கணக்காகவே முடியும். பூச்சியத்துக்குக் கீழே போக முடியாத அளவு ஒன்று, அதன் நியம விலகல் இடைக்குக் கிட்டவோ அதற்கு மேலோ இருந்தால் அது செவ்வனாக இருக்கவே முடியாது. இடை 10, நியம விலகல் 12 என்று வையுங்கள். செவ்வன் என்று எடுத்தால் பூச்சியத்துக்குக் கீழே 20 சதவீதம் விழுகிறது. திருகோணமலையின் தினசரி மழை இப்படித்தான். ஆனி, ஆடியில் நாள்கணக்காகப் பூச்சியம். வடகீழ்ப் பருவக்காற்று வந்து கார்த்திகை, மார்கழியில் ஒரு நாள் கொட்டினால் தெருவெல்லாம் வெள்ளம். பூச்சியத்தில் ஒரு சுவர், வலப்பக்கம் நீண்ட வால். சராசரி மழையைச் சொல்லி "அதற்கு மேலே பாதி நாள், கீழே பாதி நாள்" என்று ஒருவர் எழுதினால் அவர் இந்த ஊரில் ஒரு மாரிகாலமும் இருந்ததில்லை.

ஓராயக் குணகம் (கோணலை அளக்கும் எண்; இடையிலிருந்து உள்ள விலகல்களின் கனத்தைக் கொண்டு கணிப்பது) பூச்சியம் வந்துவிட்டது, ஆகவே சமச்சீர் என்று முடிவெடுப்பவர்களுக்கு ஒரு சிறு விளையாட்டு. ஆறு துண்டுச் சீட்டு எடுங்கள். இரண்டில் −4, மூன்றில் 1, ஒன்றில் 5 என்று எழுதுங்கள். கூட்டுங்கள்: −8, 3, 5, மொத்தம் பூச்சியம். இடை பூச்சியம். ஒவ்வொன்றின் கனத்தையும் கூட்டுங்கள்: −128, 3, 125, அதுவும் பூச்சியம். ஓராயம் பூச்சியம். ஆனால் படத்தை எப்படி மடித்தாலும் படியாது, இடையம் கூட 1இல் நிற்கிறது. சமச்சீர் இருந்தால் ஓராயம் பூச்சியம் (அது கணிக்கக்கூடியதாக இருந்தால்). திருப்பிச் சொல்ல முடியாது. படத்தை வரைவதற்கு மாற்றாக ஓர் எண்ணை வைக்கும் பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, இந்த ஆறு சீட்டுகள்தான் காரணம்.

சூடைக்குத் திரும்புவோம். நீளம் சமச்சீராக இருக்கிறது, ஆகவே நிறையும் அப்படித்தான் என்று எழுதலாமா? மீனின் நிறை ஏறக்குறைய நீளத்தின் கனத்தோடு ஏறும். 14, 16, 18 என்று சம இடைவெளியில் மூன்று நீளம். கனங்கள் 2744, 4096, 5832. இடப்பக்க இடைவெளி 1352, வலப்பக்கம் 1736. மடிப்பு போய்விட்டது. ஒரு மாறி சமச்சீர் என்பதற்காக அதன் வர்க்கமோ கனமோ சமச்சீர் ஆகாது. இடையம் மட்டும் பத்திரமாக இருக்கும்: நடு நீளத்து மீன்தான் நடு நிறை மீனும். இடை நகர்ந்துவிடும். நேர்கோட்டு மாற்றம், அதாவது ஒரு மாறிலியால் பெருக்கி இன்னொன்றைக் கூட்டுவது, மட்டும் மடிப்பைக் குலைக்காது.

மடிப்பு இல்லாத இடத்தில் வழி

மேலே உள்ள பஸ் நேரங்களை இந்த முறை கூட்டாமல் பெருக்கிப் பாருங்கள். 1×36 = 36. 2×22 = 44. 2×15 = 30. 3×11 = 33. 4×8 = 32. இடையத்தின் வர்க்கம் 36. ஏறுமுகம் மறைந்துவிட்டது! கூட்டலில் இல்லாத மடிப்பு பெருக்கலில் இருக்கிறது. மடக்கை (log) பெருக்கலைக் கூட்டலாக்கும், ஆகவே இதைத்தான் மடக்கை எடுத்தால் சமச்சீராகும் என்கிறோம். மடக்கையின் பக்கம் நின்று செவ்வன் கணக்கைச் செய்து, விடையைக் கடைசியில் நிமிடத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். எல்லாக் கோணல் தரவும் இப்படி நிமிர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பூச்சியம் கலந்த மழைத் தரவுக்கு மடக்கை எடுக்கவே முடியாது.

இன்னொரு வழி கழித்தல். திங்கள் பஸ்ஸுக்கு நின்ற நேரம் ஒன்று, செவ்வாய் நின்ற நேரம் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று பாதிக்காமல் ஒரே பரம்பலில் இருந்து வந்தவை. அந்தப் பரம்பல் எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி, திங்களிலிருந்து செவ்வாயைக் கழித்தால் வரும் வித்தியாசம் பூச்சியத்தில் மடியும். இரண்டு நாளின் பெயரையும் மாற்றி வைத்தால் எதுவும் மாறாது, குறி மட்டும் மாறும். நேரம் தொடர்ச்சியான மாறி என்றால், திங்கள் அதிகம் நிற்க வேண்டி வரும் நிகழ்தகவு சரியாக 1/2. அடுக்குக்குறிப் பரம்பல் கொடுத்து, இரட்டைத் தொகையீடு செய்ய வைக்கும் கேள்வி ஒன்றை இப்படி ஒரே வரியில் முடித்துவிடலாம். மூன்று நாள் என்றால், மூன்றாம் நாள்தான் மிக நீண்டது என்பதற்கு 1/3.

புவசோன் பரம்பல் (ஒரு நேர இடைவெளியில் ஒன்று எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணும்போது வருவது), இடை கூடக் கூடத் தன்னாலேயே மெல்ல நிமிரும். அதன் ஓராயம், இடையின் வர்க்கமூலத்தின் தலைகீழ். இடை 1 என்றால் ஓராயம் 1, இடை 25 என்றால் 0.2. அதற்குப் பிறகு செவ்வனைக் கொண்டு கிட்டத்தட்டக் கணிப்பதில் பெரிய பாவமில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் பழைய பிள்ளைகள் சிலர் இன்னும் வந்து கேட்பதால் பல்கலைக்கழகப் பாடத்துக்கும் கொஞ்சம். கோசிப் (Cauchy) பரம்பல் அழகாக மடியும், ஆனால் அதற்கு இடையே கிடையாது, தொகையீடு ஒருங்காது. ஆகவே "சமச்சீர், எனவே இடை நடுவில்" என்று எழுதுமுன் இடை என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இடையம் எப்படியும் நடுவில்தான். சோதனைகளுக்கு அட்டவணை பார்க்கும் பரம்பல்களில் டீ (t) பரம்பல் பூச்சியத்தில் மடிவதால் ஒரு வாலைப் பார்த்தால் போதும். கை வர்க்கத்தில் (chi-square) அந்தச் சலுகை இல்லை. சுயாதீனப் படி (degrees of freedom) 10க்கு, இருபக்கமும் 2.5 சதவீதம் விடும் எல்லைகள் 3.247உம் 20.483உம். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். எஃப் (F) பரம்பலில் பஸ் நேரத்தில் பார்த்த பெருக்கல் மடிப்பு மறுபடி வருகிறது. படிகள் 5, 10 கொண்டதன் கீழ் 5 சதவீத எல்லை அட்டவணையில் இருக்காது. படிகளை 10, 5 என்று இடம் மாற்றி மேல் எல்லையைப் பாருங்கள், 4.74. அதன் தலைகீழ் 0.211.